பாரிசவாயு கண்டவரை நாற்காலியில் முடக்கலாமா?



பாரிசவாயு என்று நாம் சொல்வதை மலாய்க்காரர்கள் 'அங்கின் அஹ்மார்' என்பார்கள். பெயரில் வாயு இருந்தாலும் இது காற்றினால் வருவதன்று. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ மூளையில் ஒரு பகுதி செத்துப்போகிறது. அது ஆண்டு வந்த கையும் காலும் நாவும் அடங்கிவிடுகின்றன. வாய் கோணி, கை தளர்ந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. இதை அநேகர் அறிவர். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு நாம் செய்யும் பிழையைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

நம்முடைய காக்காவுக்கு வலப்பக்கம் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அவரை நாற்காலியில் உட்கார்த்தினோம். தேத்தண்ணீரை வாயருகே பிடித்தோம்; சட்டையை நாமே மாட்டினோம்; கடைப்பக்கம் வரவே விடவில்லை. பார்த்தவர்கள் நமது பணிவிடையைப் புகழ்ந்தார்கள். மூன்று மாதத்தில் அவர் எழுந்து நிற்கவே அஞ்சினார். பிசியோதெரபி சொல்லித்தர வந்த பெண்மணி, "நோய் செய்தது பாதி, நீங்கள் செய்தது பாதி" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அன்றைக்குக் கோபம் வந்தது. சொன்னது உண்மைதான்.

செத்த பகுதி மீண்டும் உயிர்ப்பதில்லை. ஆனால் மூளையின் மற்றப் பகுதிகள் அதன் வேலையைக் கற்றுக்கொள்ளக் கூடும். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் அந்தக் கல்வி நடக்கும். முதல் மூன்று மாதங்களில் அது விரைவாக நடக்கும், பிறகும் நின்றுவிடுவதில்லை. தளர்ந்த கையை விட்டுவிட்டு நல்ல கையாலேயே எல்லாம் செய்து பழகினால், இருக்கிற கொஞ்ச சக்தியையும் அந்தக் கை மறந்துவிடுகிறது. 2006இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், நோய் கண்டு 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரைச் சேர்த்தார்கள். மணிக்கட்டையும் விரலையும் சற்றேனும் அசைக்கக் கூடியவர்கள் அவர்கள். அவர்களில் ஒரு சாராருக்கு இரண்டு வாரம் நல்ல கைக்கு உறை மாட்டி, தளர்ந்த கையாலேயே வேலை வாங்கினார்கள். அவர்களுடைய கை மற்றவர்களுடையதைவிட நன்றாகத் தேறியது.

அதற்காக அவசரமும் ஆகாது. மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளை வைத்து நடந்த பரிசோதனையின் முடிவு 2015இல் வந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அதிகமாக நடமாட விட்டவர்கள், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிடக் குறைவாகவே தேறினார்கள். ஆகவே எப்போது எழுப்புவது, எவ்வளவு என்பதை டாக்டரே சொல்ல வேண்டும். நாம் துணிந்து இழுத்துவிடலாகாது.

இழுப்பது என்றதும் நினைவு வருகிறது. தளர்ந்த கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தோள்மூட்டு நழுவி வலி நிலைத்துவிடும். நடக்கும்போது தளர்ந்த பக்கத்தில், அரையடி பின்தங்கித் துணைவர வேண்டும். கைத்தடி நல்ல கையில் இருக்க வேண்டும். கடைவீட்டு மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது தளர்ந்த கால் முன்னே. எண்ணெய் போட்டு உருவிவிடுவது சுகந்தான். ஆனால் அதில் உழைப்பவர் உருவுகிறவரே அன்றி நோயாளி அல்லர்.

தொழுகைக்கு வருவோம். நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்தும் தொழலாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு அனுமதித்த செய்தி புகாரியில் உண்டு. அந்தச் சலுகை இயலாமைக்கு உரியது. சென்ற மாதம் இயலாதவருக்கு இந்த மாதம் இயலலாம் அல்லவா? சுவரைப் பிடித்து நிற்க வந்த பின்னும் காக்காவை நாற்காலியிலேயே தொழவைத்தோம். பள்ளிவாசல் இமாமிடம் கேட்டபோது, ஃபர்ளில் நிற்க இயன்ற அளவு நிற்க வேண்டும், சுவரில் சாய்ந்தும் தடி ஊன்றியும் நிற்கலாம் என்றார். முதலில் ஒரு ரக்அத் மட்டும் நின்றார்; பிறகு இரண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பதும் உட்காருவதுமே பிசியோதெரபியில் முதலில் கொடுத்த பயிற்சி! ஒளுவில் இடக்கையை வலக்கையால் தேய்க்கச் சொன்னோம். நேரம் பிடித்தது, பக்கத்தில் இருந்தும் பொறுத்துக்கொண்டோம். கை கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது கை கொடுப்பதைவிடக் கஷ்டம்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. உடற்குறை உள்ளவர்களுக்கும் அதுவே. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட வேண்டும். நடக்கிறோமே என்று இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு; அது பெரும் பிழை.

காக்கா இப்போது அஞ்சடியில் கடைக்கடையாகத் தடியூன்றி நடந்து அஸருக்குப் பள்ளிக்குப் போகிறார். காலையில் கடையில் மிளகுப் பொட்டலம் போடும் வேலை அவருடையது. வலக்கையால் அள்ளுகிறார், பாதி மேசையில் சிந்துகிறது. சிந்தியதைப் பொறுக்குவதும் அந்தக் கையால்தான்.