கிளை கழிக்கும்போது வௌவால்

கேள்வி: மரத்தில் கிளை கழிக்கும்போது வௌவால்கள் தென்பட்டால் என்ன செய்வது?

பதில்: பெரிய பழந்தின்னி வௌவால்கள் ஆல், அரசு, புளி போன்ற மரங்களின் உச்சியில் வெட்டவெளியாகவே தொங்கும், ஏறுமுன்பே கண்ணில் பட்டுவிடும். சிறியவற்றைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். குட்டைமூக்குப் பழந்தின்னியின் ஆண், நெட்டிலிங்கத்தின் தழையைக் கடித்துக் கடித்துக் கூடாரம்போல ஆக்கி, பெண் வௌவால்களை அங்கே சேர்த்துக்கொள்ளும். பூச்சியுண்ணும் சிறு வௌவால்கள் பனையின் காவோலைக்குள்ளும் மரப்பொந்திலும் பகலில் ஒடுங்கியிருக்கும். கண்டதும் வேலையை நிறுத்துவதே முறை. ஏனெனில் அங்கே குட்டி இருக்கலாம்: பழந்தின்னிக்கு ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரே குட்டி. அது பறக்கப் பல வாரங்கள் ஆகும். புகை போட்டு விரட்டுவது கொடுமை. குட்டிகள் பறந்த பிறகு கிளையைக் கழிக்கலாம். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.