அப்டேட்டுக்குப் பின் பூட்டிக்கொண்ட லேப்டாப்: சாவி யாரிடம்?

அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆன லேப்டாப், நீலத் திரையில் ‘ரெக்கவரி கீ’ கேட்டு நின்றுவிட்டால் கரையான்சாவடிக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு டிரங்க் ரோட்டில் ஏதாவதொரு சர்வீஸ் கடைக்குப் போகிறார்கள். ‘ஃபார்மட் பண்ணிடலாம்’ என்று அங்கே சொன்னால், தலையாட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

“வைரஸ் புகுந்துடுச்சு. யாரோ ஹேக் பண்ணிட்டாங்க.”

இல்லை. அது விண்டோஸின் சொந்தப் பூட்டு, பெயர் பிட்லாக்கர். டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் குறியாக்கம் செய்து, சாவியை மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப்பின் பொறுப்பில் விட்டிருக்கிறது. லேப்டாப்பை ஆன் செய்யும்போதெல்லாம் துவக்க மென்பொருளான பயாஸ் முதலியவை முன்பிருந்தபடியே இருந்தால்தான் அந்தச் சிப் சாவியைத் தரும். சில அப்டேட்கள் அந்த இடத்திலேயே கைவைத்துவிடுகின்றன. 2024 ஜூலை 9 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பின் பல கணினிகள் இப்படி நின்றன. மைக்ரோசாஃப்டே அதை ஒப்புக்கொண்டு ஆகஸ்ட் 13 அன்று திருத்தம் வெளியிட்டது. 2025 மே மாதம் விண்டோஸ் 10 கணினிகள் சிலவற்றிலும் இதே கதை. உண்மையான பிட்லாக்கர் திரை பணம் கேட்காது. கேட்டால் அது மோசடி.

“நான் எந்தப் பாஸ்வேர்டும் வைக்கவே இல்லையே!”

நீங்கள் வைத்திருக்கத் தேவையே இல்லை. புது லேப்டாப்பை முதல்முறை திறந்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல மாடல்களில் இந்தப் பூட்டு தானாகவே விழுகிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. அப்போதே 48 இலக்கச் சாவியின் நகல் ஒன்று அந்தக் கணக்குக்குப் போய்விடும்.

அது யாருடைய கணக்கு என்பதில்தான் நம் வீடுகளில் சிக்கல். விற்ற கடைக்காரரே ஏதோ ஒரு மெயில் ஐடியைப் போட்டு செட்டப் செய்து கொடுத்திருப்பார். அல்லது பிள்ளையின் ஐடியாக இருக்கும். கல்லூரி, கம்பெனி ஐடி என்றால் சாவி அங்குள்ள கணினிப் பிரிவிடம் இருக்கும். நினைவில் உள்ள ஐடி ஒவ்வொன்றாலும் போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் பாருங்கள். பூட்டிய திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகள் எதனுடன் ஒத்துப்போகின்றனவோ அதுதான் உங்கள் சாவி. தினமும் போடும் பின் நம்பர் இங்கே செல்லாது. மகளின் கணக்கில் சாவி இருக்க, அவளுடைய இறுதியாண்டு புராஜெக்ட்டைக் காசு கொடுத்து அழிப்பது கொடுமை.

“கடையில உடைச்சுத் தருவாங்க.”

சாவி தொலைந்துவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது. எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் சாவி கேட்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கி, நம் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்களே, அப்போதும் பிட்லாக்கர் போட்டிருந்த கணினிகளைச் சரிசெய்ய நிபுணர்கள் இந்தச் சாவியைத்தான் தேட வேண்டியிருந்தது. சாவி இல்லாமல் ‘அன்லாக்’ என்று கடையில் சொன்னால் அதற்கு ஃபார்மட் என்றே பொருள். லேப்டாப் பிழைக்கும், உள்ளிருந்த கல்யாண போட்டோ திரும்பாது.

“இனிமே அப்டேட்டே வேணாம்.”

அது இன்னும் ஆபத்து. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் பிரிட்டன் மருத்துவமனைகளை முடக்கியபோது, அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

லேப்டாப் ஒழுங்காகத் திறக்கும் இன்றே கணக்கில் நுழைந்து சாவி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தாளில் எழுதி, வாங்கிய பில்லோடு பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையில் வேண்டாம். மதர்போர்டு மாற்றவோ பயாஸ் அப்டேட் செய்யவோ கொடுக்கும் முன், பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.