பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும்?

கணவனும் மனைவியும் பிரிந்து வாழ நேரிட்டால், தறி யாருக்கு, நகை யாருக்கு, வாங்கிய கடனை அடைப்பவர் யார் என்பவற்றையெல்லாம் ஊர்ப் பெரியோர்கள் கூடி ஒருவாறு பேசித் தீர்த்துவிடுகின்றனர். பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்னும் கேள்வி எழும்போதுதான் பேச்சுத் தடிக்கிறது. “ஆண்பிள்ளை தகப்பனுக்கு, பெண்பிள்ளை தாய்க்கு” என்பார் ஒருவர். “ஐந்து வயது வரையில் தாய், அதன்பின் தகப்பன், இதுவே சட்டம்” என்பார் மற்றொருவர். இவ்விரண்டும் சட்டமன்று. சட்டம் கூறுவது யாது என்பதை அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

முதற்கண் இரண்டு சொற்களை வேறுபடுத்திக் கொள்ளவேண்டும். கார்டியன், அதாவது காப்பாளர் என்பவர், மைனரின் சார்பில் கையெழுத்திடவும் அவர் சொத்தைப் பார்த்துக்கொள்ளவும் உரிமை உடையவர். பிள்ளையைத் தம்மிடம் வைத்து வளர்க்கும் பொறுப்பு வேறு. காப்பாளர் ஒருவராகவும் வளர்ப்பவர் மற்றொருவராகவும் இருக்கலாம். இவ்வேறுபாடு தெரியாமையால் விளையும் சண்டைகள் பல.

இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டின் மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், மணமான பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைக்குத் தந்தையும், அவருக்குப் பின் தாயும் இயற்கைக் காப்பாளர் என்று கூறுகிறது. “பின்” என்னும் அச்சிறு சொல் பல்லாண்டுகள் தாய்மாரை ஒதுக்கி வைத்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மைனர் மகன் பெயரில் கடன் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1999இல் வந்த தீர்ப்பு, “பின்” என்பதற்குத் தந்தை இறந்த பின் என்பது மட்டும் பொருளன்று என விளக்கியது. தந்தை பிள்ளையைக் கவனியாதிருந்தாலும், இருவரும் ஒப்பித் தாயிடமே பொறுப்பை விட்டிருந்தாலும், தந்தை இயலாத நிலையில் இருந்தாலும், அவர் உயிருடன் இருக்கும்போதே தாய் காப்பாளராகலாம். மணத்திற்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தாயே முதற் காப்பாளர்.

இனி வளர்ப்புப் பொறுப்பு. ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. ஐந்து நிறைந்த மறுநாளே தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எங்கும் கூறவில்லை. பிள்ளையின் நலனே தலையாயது என்று அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு விதித்திருக்கிறது. எல்லா மதத்தினருக்கும் பொதுவான 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் நலனையே முன்வைக்கிறது. சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 1973ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்களும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்னும் கருத்தை வலியுறுத்திற்று.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். நெசவாளர் ஒருவரின் மனைவி மனம் வேறுபட்டு, ஏழு வயது மகனுடனும் மூன்று வயது மகளுடனும் தாய்வீடு சென்றுவிட்டார். கணவரிடம் சொந்த வீடும் இரண்டு தறிகளும் உண்டு. மனைவிக்கோ பாவு சுற்றிக் கிடைக்கும் கூலியைத் தவிர வேறு வருமானம் இல்லை. வசதி மிக்கவர் பக்கமே தீர்ப்பாகும் என்று பலரும் கருதுவர். அவ்வாறன்று. வசதி குறைந்தவரிடம் பிள்ளை வளர்ந்தால், வசதியுடையவர் பணம் கொடுக்குமாறு செய்யலாம் அல்லவா? எனவே நீதிபதி வேறு பலவற்றையும் ஆராய்கிறார்: இதுகாறும் உணவூட்டிப் பள்ளிக்கு அனுப்பியவர் யார், படிப்புத் தடையின்றி நடக்குமா, வீட்டில் குடியோ அடிதடியோ உண்டா, அண்ணனையும் தங்கையையும் பிரிக்க நேருமா என்பன. விவரம் அறிந்த வயதாயின் பிள்ளையையே அழைத்து அதன் விருப்பத்தையும் கேட்பதுண்டு. ஆனால் அவ்விருப்பம் ஒன்றே முடிவாகாது. தாய் மறுமணம் செய்துகொண்டார் என்பது மட்டும் பிள்ளையைப் பறிக்கப் போதிய காரணமாகாது. மேலும், இத்தகைய உத்தரவு எதுவும் என்றைக்குமாக இடப்படுவதன்று; நிலைமை மாறினால் மாற்றும்படி மனுச் செய்யலாம்.

பொறுப்பு ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவர் அயலார் ஆகிவிடுவதில்லை. குறித்த நாட்களில் பிள்ளையைப் பார்க்கவும், விடுமுறையில் உடன் வைத்திருக்கவும், தொலைபேசியில் பேசவும் நீதிமன்றம் வழி செய்கிறது. இருவர் அன்பையும் பெறுவது பிள்ளையின் உரிமை என்பதை 2020ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மீண்டும் எடுத்துரைத்தது.

இங்கே இரு தரப்பாரும் செய்யும் தவறு ஒன்றுண்டு. “பிள்ளையைக் காட்டவில்லை, ஆகவே பணம் தரமாட்டேன்” என்கிறார் தகப்பனார். “பணம் தரவில்லை, ஆகவே பிள்ளையைக் காட்டமாட்டேன்” என்கிறார் தாயார். சட்டத்தின் முன் இவை இரண்டும் தனித்தனிக் கடமைகள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிறுத்த இயலாது. பிள்ளையின் சோற்றை அடகு வைத்து வழக்காடுவது எவ்வகையிலும் பொருந்தாது.

ஜீவனாம்சம் கோர எளிய வழி, முன்னர் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாக விளங்குகிறது. இது எம்மதத்தினருக்கும் பொருந்தும். மணத்திற்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் உண்டு. மாதம் 500 ரூபாய்க்கு மேல் இல்லை என்றிருந்த பழைய வரம்பு 2001இல் நீக்கப்பட்டது. வழக்கு முடியும் வரையில் இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம்; எதிர்மனுதாரருக்கு அறிவிப்புச் சேர்ந்த 60 நாட்களுக்குள், கூடுமானவரை, அதனை முடிவு செய்யவேண்டும். மனுக் கொடுத்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்படும் என்பது 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இரு தரப்பாரும் வரவு செலவு, சொத்து, கடன் ஆகியவற்றைச் சத்தியப் பத்திரத்தில் காட்டவேண்டும் என்றும் அத்தீர்ப்பு விதித்தது.

“எனக்கு நிலையான வருமானம் இல்லை, தறி ஓடினால் கூலி, ஓடாவிட்டால் இல்லை” என்று கூறித் தப்ப முடியாது. உடல் வலுவுள்ளவர் உழைத்துப் பிள்ளையைக் காக்கக் கடமைப்பட்டவர். சங்கத்தின் கூலிக் கணக்கும் விவசாயியின் விற்பனைச் சீட்டும் வருமானத்திற்கு நல்ல சான்றுகள். தாய் சம்பாதிப்பது தொகையைக் குறைக்கலாம். தந்தையின் கடமையை அது நீக்காது. உத்தரவிட்ட தொகையைச் செலுத்தாவிடில், பாக்கியான ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு மாதம் வரையில் சிறை விதிக்கலாம். சிறை சென்றாலும் பாக்கி தீராது. ஆனால் வசூலுக்கான மனுவைப் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். இக்கெடுவைத் தவறவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர்.

இப்பிரிவின்படி 18 வயது வரையில் ஜீவனாம்சம் உண்டு. உடலாலோ மனத்தாலோ குறைபாடுற்றுத் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பிள்ளைக்கு அதன் பின்னும் உண்டு. வாழ வழியற்ற, மணமாகாத இந்து மகள் 18 கடந்த பின்னும், தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சம் பற்றிய வேறொரு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பெற்றோரிடம் கோரலாம்.

பஞ்சாயத்தில் எழுதி வாங்கும் தீர்வைச் சீட்டுகளைப் பற்றியும் கூறவேண்டும். “இனி எனக்கோ பிள்ளைக்கோ எதுவும் வேண்டா” என்று தாய் கையெழுத்திட்டாலும், பிள்ளையின் உரிமை அதனால் அழியாது. தன்னுடையதல்லாத ஒன்றை அவர் எவ்வாறு விட்டுக்கொடுக்க முடியும்?

சொத்து விஷயத்தில் நமது கடன் சங்கங்களும் விழிப்பாயிருத்தல் வேண்டும். இந்து மைனர் பெயரில் தனியாக உள்ள நிலத்தையோ வீட்டையோ நீதிமன்ற அனுமதியின்றி விற்கவும் அடமானம் வைக்கவும் இயற்கைக் காப்பாளருக்கு அதிகாரம் இல்லை. அவ்வாறு செய்தால், பிள்ளை மேஜரான பின் மூன்றாண்டுக்குள் வழக்கிட்டு அதனை ரத்துச் செய்யலாம். கூட்டுக் குடும்பச் சொத்தில் பிரிக்கப்படாத பங்குக்கு இவ்விதி பொருந்தாது.

வளர்ப்புப் பொறுப்பு பற்றிய மனுவைப் பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊருக்குரிய குடும்ப நீதிமன்றத்திலோ, அஃது இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றத்திலோ கொடுக்கவேண்டும். ஜீவனாம்ச மனுவை, மனைவி தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே குடும்ப நீதிமன்றத்திலோ மாஜிஸ்திரேட்டிடமோ கொடுக்கலாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், வருமானம் எவ்வளவாயினும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசமாக வக்கீலை அமர்த்தித் தருவார்கள். தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் விசாரிக்கலாம். செல்லும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்று, திருமணத்திற்கான ஆதாரம், கிடைக்குமாயின் எதிர்த்தரப்பாரின் கூலிக் கணக்கின் நகல் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்க.