கார்வெட்டின் முதல் மூன்று ஆண்டுகள்

அன்புள்ள தம்பிக்கு,

கார் வடிவமைப்பைத் தொழிலாக ஏற்றிருக்கிறாய். நீ வரையும் ஒவ்வொரு கோட்டுக்கும் எஞ்சினும் சேசிஸும் ஈடுகொடுக்குமா என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடு. செவர்லே கார்வெட்டின் வரலாறு இதற்கு நல்ல சான்று. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் உருவாக்கிய அந்தக் கார், 1953 ஜனவரியில் நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் காட்சிக்கு வந்ததும் பார்த்தவர்களை மயக்கியது. ஆனால் அந்தத் தாழ்ந்த கண்ணாடியிழை உடலுக்குள் இருந்ததோ, செவர்லேயின் சாதாரணக் கார்களில் ஓடிய ஆறு சிலிண்டர் எஞ்சின். அதை 150 குதிரைத்திறனுக்கு முடுக்கி, இரண்டே வேகம் கொண்ட தானியங்கி கியரோடு இணைத்திருந்தார்கள். கதவுக்கு வெளிப்பக்கக் கைப்பிடி இல்லை, ஏற்றி இறக்கும் கண்ணாடியும் இல்லை. முதல் ஆண்டு 300 கார்கள். 1954இல் 3,640 தயாரித்து, அவற்றில் பல விற்காமல் தேங்கின. 1955இல் உற்பத்தி 700ஆகச் சுருங்கியது. வி8 எஞ்சினும் ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கொண்ட ஃபோர்டு தண்டர்பேர்டு அதே ஆண்டு 16,000க்கும் மேல் விற்றது.

அழகுதானே கார்வெட்டைக் காப்பாற்றியது என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. பொறியாளர் ஸோரா ஆர்கஸ் டன்டாவ் அந்தக் கண்காட்சியில் காரின் அழகில் ஈர்க்கப்பட்டே ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். அந்த அளவில் ஏர்லுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் உள்ளே வந்தவர் அழகோடு நின்றுவிடவில்லை. வேகத்தை விரும்பும் இளைஞர்களைச் செவர்லே பக்கம் இழுக்க என்ன செய்யலாம் என்று 1953 டிசம்பரில் மேலிடத்துக்கு எழுதினார். 1955இல் 195 குதிரைத்திறன் வி8 வந்தது. 1957இல் எரிபொருளைப் பீய்ச்சும் முறையால் அது 283ஐத் தொட்டது. 1956இல் உடலும் மாறியது உண்மைதான். கைப்பிடியும் ஏற்றி இறக்கும் கண்ணாடியும் அப்போதுதான் கிடைத்தன.

பொறியாளர் பேச்சைக் கேட்டால் துணிச்சலான வடிவம் பிறக்காது என்பார்கள். 1963 கார்வெட் ஸ்டிங் ரேயின் பின்கண்ணாடியை நடுவே பிளந்தே ஆக வேண்டும் என்று, ஏர்லுக்குப் பின் வடிவமைப்புத் தலைவரான பில் மிட்செல் பிடிவாதம் பிடித்தார். பின்னால் வருவது தெரியாது என்று டன்டாவ் எதிர்த்தார். அடுத்த ஆண்டே அந்தப் பிளவு நீக்கப்பட்டது. சேகரிப்பவர்கள் இன்று அந்த 1963 காரைத்தான் தேடி வாங்குகிறார்கள் என்றாலும், ஓட்டுபவனுக்காக டன்டாவ் சொன்னதே சரி என்பேன். பிளவு போன பிறகும் ஸ்டிங் ரேயின் துணிச்சல் குறையவில்லை. அடுத்த மாதிரிக்குக் களிமண்ணைத் தொடுமுன், பின் அச்சு எங்கே அமரும், ஓட்டுபவரின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்பதைச் சேசிஸ் பிரிவில் உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்