வெந்நீரின் சூட்டைக் கை சரியாய் அறியுமா?

குழந்தையை நீராட்டுமுன் வெந்நீரில் விரல் நுனியை விட்டுப் பார்ப்பது பல வீடுகளிலும் வழக்கம். விரல் பொறுக்கும் சூடு குழந்தையின் தேகமும் பொறுக்கும் என்பதே இதற்கு ஆதாரமான எண்ணம். இவ்வெண்ணம் பிழையானது, இதனால் வெந்துபோன குழந்தைகள் உண்டு.

உஷ்ணத்தை அறியும் சக்தி தோல் முழுவதும் ஒரே சீராக அமைந்ததன்று. சுவீடன் தேசத்து உடலியல் சாஸ்திரியாகிய மாக்னஸ் பிளிக்ஸ் என்பார் 1880-களில் கூரிய உலோக முனையொன்றைக் குளிர்வித்தும் சூடாக்கியும் தோலின்மீது இடம்விட்டு இடம் வைத்துச் சோதித்தார். சில புள்ளிகள் குளிர்ச்சியை மாத்திரமும், வேறு சில வெம்மையை மாத்திரமும் உணர்ந்தன. குளிர்ச்சிப் புள்ளிகளே தொகையில் மிகுதி. முகத்தில், விசேஷமாக உதட்டருகில், இவ்வுணர்ச்சி மிக நுட்பமானது, பாதங்களில் மந்தமானது. மண்வெட்டி பிடித்தும் பாத்திரம் துலக்கியும் காய்த்துப்போன உள்ளங்கையிலோ, தடித்த தோலைக் கடந்து சூடு நரம்பை எட்டத் தாமதமாகிறது.

மேலும், தோல் உஷ்ணத்தை அளப்பதில்லை; ஒப்பிடவே செய்கிறது. கிணற்றடியில் குளிர்நீரில் கையை அளைந்தவளுக்கு வெதுவெதுப்பான நீரும் சூடாய்த் தோன்றும். அடுப்படியில் வெந்நீர் புழங்கியவளுக்கோ, மிகுந்த சூடும் இதமாய்த் தோன்றும். ஆபத்து இரண்டாமவளிடமே. ஒரு விரலுக்கு மிதமாயிருக்கும் நீர் முழுக்கைக்குச் சூடாயிருக்கும் என்பதையும் ஜெர்மானிய ஆசிரியர் வேபர் 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டார்.

60 டிகிரி சென்டிகிரேடு சூடுள்ள நீர், வளர்ந்தவர் தோலையே சில விநாடிகளில் வேகச்செய்யும். குழந்தையின் தோல் மெல்லியதாகையால் இன்னும் விரைவில் வேகும். அதற்கு 37 அல்லது 38 டிகிரியே போதும். முதலில் தண்ணீரையும் பிறகு வெந்நீரையும் விட்டு, நன்றாய்க் கலக்கி, காய்ப்பேறாத மணிக்கட்டின் உட்புறத்தையோ முழங்கையையோ நனைத்துப் பார்க்கவேண்டும். புறங்கையை விட்டுப் பார்க்கும் பாட்டியைக் கேலி செய்யும் படித்த மருமக்கள் உண்டு. இவ்விஷயத்தில் நியாயம் பாட்டியின் பக்கமே.

நீரிழிவுள்ள முதியோர் கால்வலிக்கு வெந்நீரில் பாதம் வைப்பது இதனினும் அபாயகரமானது. இயல்பிலேயே மந்தமான பாதம், நோயினால் உணர்வற்றிருக்கக்கூடும். கொப்புளம் கண்ட பிறகே விஷயம் தெரியவரும். ஆதலின் வேறொருவர் கையால் சோதித்த நீரையே அவர்கள் உபயோகிக்கவேண்டும். உடலில் வெளிறிய படை ஏதேனும் தோன்றி, அவ்விடத்தில் மாத்திரம் சூடு குளிர்ச்சி தெரியாவிடில், அது குஷ்டரோகத்தின் ஆரம்பக்குறியாயிருக்கலாம். ஆறு மாதமோ ஓராண்டோ ஒழுங்காய் மருந்துண்டால் அந்நோய் குணமாகும். தாமதியாமல் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுக.