நாலு நம்பரும் நம்ம மனசும்

போன மாதம் ஞாயிறு வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, சைக்காலஜி படிச்சா அடுத்தவங்க மனசுல இருக்கிறதைச் சொல்லிடலாமா?" முடியாது. நான் படித்தவன்தான், என் மனைவி மனதில் இருப்பதே எனக்குத் தெரியாது. உளவியல் மந்திரமும் இல்லை, கைரேகையும் இல்லை. 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஓர் ஆய்வுக்கூடம் திறந்தார். மனதையும் அளந்து, சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் ஊன்றி வளர்ந்தது. ஒரு கருத்தைச் சொல், அது தப்பாக இருந்தால் எப்படித் தெரியும் என்றும் சொல், பிறகு எண்ணிப் பார். அவ்வளவுதான் அறிவியல்.

எண்ணிப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் பாடப் புத்தகத்தில் கற்கவில்லை. அப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் கற்றேன்.

அப்பா நிபோங் திபாலில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் நாலு நம்பர் எடுப்பார். விபத்துக்குள்ளான காரின் எண், கனவில் வந்த பாட்டியின் வீட்டு எண், கோயிலில் கிடைத்த ரசீது எண் எல்லாம் அந்த நோட்டில் ஏறும். 2011இல் ஜாவி பக்கம் கவிழ்ந்த ஒரு லோரியின் எண்ணை ஒரு வெள்ளிக்கு எடுத்தார். முதல் பரிசு, 2,500 வெள்ளி. இன்றைக்கும் தீபாவளிக்கு யாராவது வந்தால் எங்கள் வீட்டில் அந்தக் கதை ஓடும்.

அப்பா தவறிய பிறகு, 2009 முதல் 2014 வரையிலான ஆறு வருடக் கணக்கை உட்கார்ந்து கூட்டினேன். போட்டது 14,040 வெள்ளி. திரும்பி வந்தது, அந்த 2,500யும் சேர்த்து, 5,080. அக்கா டிப்ளோமாவுக்குப் போகாமல் பேக்டரிக்கு வேலைக்குப் போனது அந்த வருடங்களில்தான். "காசு இல்லம்மா"ன்னு அப்பா சொன்னது பொய் இல்லை.

அப்பா முட்டாள் இல்லை. திருக்குறளில் சூதுக்கென்று 94ஆம் அதிகாரம் இருக்கிறது. அது அவருக்கு மனப்பாடம். பிறகு எப்படி?

இங்கேதான் கணக்கு வேண்டும். ஒரு குலுக்கலில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள், பரிசு 23 எண்களுக்கு. மூன்று கம்பெனி, வாரம் மூன்று நாள் என்றால் ஒன்பது குலுக்கல், 207 பரிசு எண்கள். இப்போது நம் ஊரை நினையுங்கள். ஒரு வாரத்தில் விபத்து, கனவு, சாவு வீடு என்று ஐம்பது வெவ்வேறு எண்கள் பேச்சில் அடிபட்டால், சராசரியாக அவற்றில் ஒன்று எங்கேயாவது பரிசுப் பட்டியலில் வந்துவிடும். யாரும் மேலிருந்து கை காட்ட வேண்டியதில்லை. அந்த ஒன்று ஒட்டுக்கடையில் பசியாறும்போது பேசப்படும். விழாத நாற்பத்தொன்பதைப் பற்றி யார் பேசுவார்கள்?

நம்பிக்கைக்குச் சாதகமானதை மட்டும் தேடி எடுக்கும் இந்தக் குணத்துக்கு உறுதிப்படுத்தல் சார்பு என்று பெயர். 1960இல் பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேயர் செய்த சோதனையை நம் வகுப்பிலும் செய்து பார்த்தேன். பலகையில் 2, 4, 6 என்று எழுதி, "இதுக்கு ஒரு விதி இருக்கு, நீங்க வேற மூணு எண் சொல்லுங்க, விதிக்குப் பொருந்துமான்னு நான் சொல்றேன்" என்றேன். 8, 10, 12 என்றார்கள். பொருந்தும். 20, 22, 24. பொருந்தும். "ரெண்டு ரெண்டா கூடுது!" என்று கத்தினார்கள். தப்பு. கடைசி வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி மட்டும், "6, 4, 2?" என்று கேட்டாள். பொருந்தாது. "அப்போ 1, 5, 90?" பொருந்தும். ஏறுவரிசையில் இருந்தால் போதும், அதுதான் விதி. அவள் தன் எண்ணம் உடைகிறதா என்று பார்த்தாள், மற்றவர்கள் அது நிற்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

அப்பாவின் நோட்டில் இன்னொரு பழக்கம் இருந்தது. பரிசு விழுந்த எண்ணைப் பென்சிலால் அடித்துவிடுவார், "போயிடுச்சு, இனி வராது." அமெரிக்காவின் மேரிலாந்தில் மூன்று இலக்க லாட்டரியை கிளாட்ஃபெல்டர், குக் என்ற இருவர் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். ஓர் எண் விழுந்த உடனே அதன்மேல் கட்டும் பணம் சட்டென்று இறங்கி, சில மாதம் கழித்துத்தான் பழைய நிலைக்கு வருகிறதாம். அப்பா மேரிலாந்தைக் கேள்விப்பட்டதே இல்லை! குலுக்கும் இயந்திரத்துக்குப் போன வாரம் நடந்தது நினைவிருக்காது. நேற்று முதல் பரிசு பெற்ற எண்ணுக்கும் இன்று அதே பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புதான்.

தானே தேர்ந்தெடுத்ததில் கூடுதல் பலம் இருப்பதாக நினைப்பது இன்னொரு பிழை. 1975இல் எலன் லேங்கர் வெளியிட்ட சோதனையில், ஒரு டாலர் சீட்டைத் தானே பொறுக்கி எடுத்தவர்கள் அதைத் திருப்பி விற்கச் சராசரியாக 8.67 டாலர் கேட்டார்கள். யாரோ கொடுத்ததை வாங்கியவர்கள் கேட்டது 1.96தான்.

சரி, பரிசுத் தொகையையும் கூட்டிவிடுங்கள். "பிக்" முறையில் ஒரு வெள்ளிக்கு 2,500, 1,000, 500, பிறகு 180 பத்து தடவை, 60 பத்து தடவை; மொத்தம் 6,400. பத்தாயிரத்தால் வகுத்தால் 64 காசு. அதாவது நீண்ட காலத்தில் வெள்ளிக்கு 36 காசு போய்க்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு அதைவிட மோசமாகவே போயிருக்கிறது. அது வெறும் அதிர்ஷ்டக் குறைவு. இப்படி எழுதும்போதே அவர்மேல் பரிதாபம் வருகிறது.

உங்கள் வீட்டில் யாராவது எடுக்கிறார்கள் என்றால் சண்டை போடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன், பலன் இல்லை. ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, விழாததையும் எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் கூட்டுவதற்கு நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

போன வாரம் டோலுக்கு முன்னால் ஒரு விபத்து. நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது அந்தக் காரின் எண்ணைப் பார்த்தேன். இத்தனையும் படித்து, கணக்கும் போட்ட எனக்கு அந்த நாலு எண் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.