10 எழுத்துப் பெயருக்கு 16 இடம்

இந்த வார எபிசோட்ல டைனமிக் கொயரி பத்திப் பேசினோம். யூசர் டைப் பண்ற பெயரைக் கொயரிக்குள்ள அப்படியே ஒட்டாதீங்க, பாராமீட்டரா அனுப்புங்கன்னு சொன்னேன். ஒட்டினா, ஓ'பிரையன்ல வர்ற ஒற்றை மேற்கோள்குறியே கொயரியை உடைச்சிடும். கெட்ட எண்ணத்தோட டைப் பண்றவர் டேபிளையே அழிச்சிடலாம். ஆனா அந்தப் பாராமீட்டரோட நீளம் பத்திக் காதால கேட்டாப் புரியாது, கண்ணால பார்க்கணும்.

எஸ்கியூஎல் சர்வர்ல இதுக்கு எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்கியூஎல் இருக்கு. கொயரி, பாராமீட்டரோட வகை, அதன் மதிப்பு மூணையும் தனித்தனியா வாங்கிக்கும். வகையை என்வார்சார் 10-ன்னு கொடுத்து, "பாலசுப்பிரமணியம்"னு அனுப்பிப் பாருங்க. நம்ம கணக்குல 10 எழுத்துதானே? டேட்டாபேஸ் கணக்குல 16. காலும் கொம்பும் புள்ளியும் ஆளுக்கொரு இடம் பிடிக்கும். உள்ளே போறது "பாலசுப்பிர" மட்டும்.

எர்ரர் வராது. அதுதான் வில்லங்கம். டேபிள் காலத்துல இடம் பத்தலேன்னா சர்வர் கத்தும். பாராமீட்டர்ல பத்தலேன்னா சத்தமில்லாம வெட்டிடும். நீளமே போடாம விட்டா அது 1. அப்போ மிஞ்சுறது "ப". லைக் வச்சு, பின்னால சதவீதக்குறி சேர்த்துத் தேடினா, ப-ல தொடங்கற எல்லாரும் வந்து நிப்பாங்க. அதுவே டிலீட் கொயரியா இருந்தா? பிரியா, பரணி, பவித்ரா எல்லாரும் காலி.

என்வார்சாருக்குப் பதிலா வார்சார் போட்டா, வழக்கமான லத்தீன் கொலேஷன்ல தமிழ் முழுக்கக் கேள்விக்குறி ஆகிடும். அதையும் கவனிச்சுக்கோங்க.

சி ஷார்ப்ல ஆட்வித்வேல்யூ பயன்படுத்தினா வெட்டு விழாதுதான். ஆனா அது ஒவ்வொரு பெயரோட நீளத்தையும் அப்படியே வகையா அனுப்பும்: கவினுக்கு 5, பாலசுப்பிரமணியத்துக்கு 16. நீளம் மாற மாற, ஒரே கொயரிக்கு சர்வர் புதுப்புது பிளான் போட்டு கேஷ்ல அடுக்கிக்கிட்டே போகும். பரபரப்பான சைட்ல அது வீண் சுமை.

என் வழக்கம், காலத்தோட நீளத்தையே பாராமீட்டருக்கும் கொடுக்கிறது. காலம் 100-ன்னா பாராமீட்டரும் 100. மேக்ஸ் எல்லாம் நீளமான குறிப்புகளுக்கு மட்டும். ஆனா சைஸ் கொடுத்துட்டா சி ஷார்ப்பும் சத்தமில்லாம வெட்டும். அதனால அனுப்புறதுக்கு முன்னாடியே லெங்த் பார்த்து, 100-ஐத் தாண்டினா யூசர்கிட்ட சொல்லிடுங்க. அந்த லெங்த்தும் சர்வர் மாதிரியே 16-ன்னுதான் எண்ணும், கணக்கு இடிக்காது.